கையெழுத்துப் போடாதவர்கள்

ஆர்டிஸ் ஹோவ்லன்ட் முப்பத்தோரு வருஷமாக அமெரிக்காவின் மொண்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்தச் சம்பளத்தில் ஓர் ஏக்கர்கூட வாங்க முடியாது. வாங்கத் தேவையும் இருந்ததில்லை. ஊருக்கு மேலே, டால் ஓடையைச் சுற்றி யாரும் வேட்டையாடக்கூடிய நாலாயிரம் ஏக்கர் அரசுப் பொது நிலம் கிடந்தது. முதல் பனியில் அங்கே ஓர் எல்க் மானைச் சுட்டால் வசந்தம் வரைக்கும் கறிக்குக் கவலையில்லை. கோடையில் டிரவுட் மீன். கணவன் விட்டுப்போன பிறகு மகனை அவளோடு சேர்ந்து வளர்த்தது அந்த நிலம்தான்.

தன் இடத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. வண்டியை ஒரு மைல் தள்ளி பைன் மரங்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நடந்தே போவாள். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி; உள்ளே நோட்டும் கட்டைப் பென்சிலும். பெயர், தேதி, போகுமிடம் எழுத வேண்டும். அதை அவள் தொட்டதே கிடையாது.

பக்கத்து வீட்டு டுவேன் ஸ்ட்ரூப் வேலியோரம் வந்து மான் கறியை மோப்பம் பிடிப்பான்.

"எங்க சுட்ட இத?"

"கழுத்துல."

"ரொம்பத்தான்! அந்த எடத்த நான் என்ன, தூக்கிட்டா போயிடுவேன்?"

"நீ போன வருஷம் சுட்டது எங்கன்னு சொன்னியா? போய் வேலையப் பாரு."

மார்ச்சில் செய்தி வந்தது. பெரிய பண்ணைக்காரர் ஒருவர் சமவெளியில் வறண்ட குன்றுகளை அரசுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டால் ஓடையை வாங்கிக்கொள்ளப் போகிறாராம். ஆர்டிஸ் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினாள். கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று பள்ளியின் கூடைப்பந்து அரங்கம் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகளால் நிறைந்துவிட்டது. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்.

முதலில் நில அலுவலகப் பெண் வாசித்தாள். "பாதையோரப் பெட்டியில இருக்கற பதிவேட்டுல பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து ஒன்பது பேர். அதுல நாலு பேர் பறவை பாக்க வந்தவங்க."

கூட்டத்தில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆர்டிஸ் எழுந்தாள். "இரட்டைப் பாறை தாண்டி ஒரு வில்லோ புதர் இருக்கு. பனி விழுந்ததும் மானுங்க கன்னோட அங்கதான் எறங்கும். குளிர்காலத்துக்கு அதுங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. முப்பது வருஷமா நான் உக்கார்ற இடம் அது."

"அடிப்பாவி!" பின்னாலிருந்து டுவேன் கத்தினான். "அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷமா நான்தானே உக்காந்திருக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சாகும்வரை சொல்வதில்லை என்றிருந்த இடங்களையெல்லாம் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் அலுவலகப் பெண் ஆர்டிஸிடம் வந்தாள். "நான் நம்பறேன் ஆர்டிஸ். எல்லாத்தையும் எழுதி அனுப்பறேன். ஆனா ஆள் நடமாட்டமே இல்லாத நிலம்னு அறிக்கை ஏற்கெனவே மேல போயிடுச்சு. இப்ப சொல்றது பேச்சு. அது எழுத்து."

அடுத்த வாரம் நோட்டில் அறுபத்து மூன்று பெயர்கள் ஏறின. ஆகஸ்டில் கடிதம் வந்தது: நிலம் கைமாறிவிட்டது.

முதல் பனி விழுந்த காலையில் ஆர்டிஸ் வண்டியை ஒளித்து வைக்கவில்லை. நேரே பாதைக்கே ஓட்டிப் போனாள். புது இரும்புக் கேட், புதுப் பூட்டு. தகரப் பெட்டியை மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. ஓடைப் பக்கம் மானொன்று கனைத்தது.

பெட்டியைத் திறந்து பெயரை எழுதினாள். தேதியை எழுதினாள். போகுமிடம் என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். அப்புறம் அதை வெறுமையாகவே விட்டு, பெட்டியை மூடிவிட்டு வண்டிக்குத் திரும்பினாள். ஏழரைக்குப் பேருந்தை எடுக்க வேண்டும்.