ரூபினியின் ஏழாம் பக்கம்

தம்போயிலிருந்து மாசாய்க்குத் தினமும் கார் ஓட்டிப் போய்க் கணினிப் பாடம் நடத்தும் வினிஃப்ரெட்டுக்குப் பள்ளியில் ஒரு பெயர் உண்டு: கறாரானவர், ஆனால் ஓரவஞ்சனை தெரியாதவர். பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தார். கணினி வரலாறு பற்றிப் படிவம் நான்கு வகுப்பு மாணவர்கள் தொகுத்துக் கொடுக்கும் ஃபோலியோவைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தட்டச்சு செய்யச் சொன்னால் இணையத்தில் கிடப்பதை அப்படியே இறக்கிவிடுவார்கள். கணினி டீச்சர் கணினியைத் தொடவிடுவதில்லை என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சென்ற ஆண்டு ரூபினி என்ற மாணவியின் ஃபோலியோவில் ஏழாம் பக்கம் அவரை நிறுத்தியது. வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. 'சிப்' எனும் சில்லு வந்த மூன்றாம் கணினித் தலைமுறையில் மட்டும் ஆண்டும் இல்லை, கண்டுபிடித்தவர் பெயரும் இல்லை. 'என் அம்மா செல்லம் சில்லுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார்' என்று தொடங்கியது. மேசையில் இன்னும் முப்பது ஃபோலியோக்கள் கிடந்தன. இரண்டாவது வரியோடு நிறுத்தி, சிவப்பு மையில் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று எழுதி, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று மகளோடு செல்லம் வந்தார். வேலை முடிந்து நேராக வந்ததால் தொழிற்சாலைச் சட்டை மாற்றவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், அவ மேல தப்பில்ல. நாந்தான் உக்காந்து கத சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே எழுதிட்டா."

"தப்புன்னு இல்லைங்க. கேட்டது ஒண்ணு, எழுதுனது ஒண்ணு. அந்தப் பக்கத்த மட்டும் மாத்திக் குடுத்தா முழு மார்க் போடுறேன்."

"அலமாக், நான் வேற சரித்திரத்துல பூந்துட்டேன்." செல்லம் மகளை முழங்கையால் இடித்துச் சிரித்தார். "எங்க வேலையும் அதான் டீச்சர். மைக்ராஸ்கோப்புல பாக்குறது, கீறல் இருந்தா ரிஜெக்ட். இன்னிக்கே அத கிழிச்சிட்டு வேற எழுதச் சொல்றேன் லா."

மறுநாளே புதிய பக்கம் வந்தது. ஆண்டு, பெயர், படம், எல்லாம் பாடநூலில் உள்ளபடி. வினிஃப்ரெட் சொன்னபடியே முழு மதிப்பெண் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் லாரி மோதிச் செல்லம் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வினிஃப்ரெட் போனார். பந்தி நடந்துகொண்டிருந்தது. ரூபினி அவரை அடுக்களைப் பக்கம் அழைத்துப் போனாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் கிழிச்சுப் போட்ட அந்தப் பக்கத்துல, அம்மா மொத நாள் வேலைக்குப் போனத சொல்லியிருந்தாங்க. கை நடுங்குச்சுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் என்ன சொன்னாங்கன்னு எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டேங்குது. நீங்க படிச்சீங்கள்ல, ஞாபகம் இருக்கா?"

படித்தேன், மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆண்டுக்கு இருநூறு ஃபோலியோ திருத்துகிறவர் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அத முழுசா படிக்கலம்மா. ரெண்டு வரி பாத்துட்டுக் கோடு போட்டுட்டேன்."

பரவாயில்லை என்று ரூபினி சொல்லவில்லை. கூடத்திலிருந்து அவள் சித்தி குரல் கொடுத்தாள்: "ரூபினி, டீச்சருக்கு எல போட்டியா?"

"இதோ, சித்தி."

கூடத்துக்கு வந்து பந்தியில் ஓர் இலையைத் துடைத்து விரித்தாள். வினிஃப்ரெட் அதன் முன் உட்கார்ந்தார். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அது இன்னும் பெரிய குற்றமாகப் பட்டது. ரூபினி குனிந்து சோறு வைத்தாள்.

"போதுமா, டீச்சர்?"

வகுப்பில் கேட்கும் அதே மரியாதை. வினிஃப்ரெட் தலையாட்டினார்.