இவாலு மூக்கைச் சுருக்கியபோது

கோப்பன்ஹேகனில் வேலை தொடங்கிய முதல் மாதம் எனக்குப் பின்கழுத்து வலித்தது. தலையை ஆட்டாமல் அடக்கி வைத்ததால் வந்த வலி அது. தலைமை மருத்துவர் ஏதாவது சொல்வார். நான் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "இது ஆமாவா, இல்லையா?" என்று கேட்பார். கேலி இல்லை, அந்த மனுசனுக்கு உண்மையாகவே தெரியாது. ஒருநாள் மருந்தின் அளவைக் கேட்ட தாதி, என் தலையாட்டலைப் பார்த்துவிட்டு ஊசியும் கையுமாக அப்படியே நின்றாள். அன்றிலிருந்து "யா" அல்லது "நை" என்று டேனிஷில் வாயைத் திறந்து சொல்லப் பழகிக்கொண்டேன். பதினொரு வருடமாகிறது. அப்படி அவதிப்பட்ட நானே இன்னொருத்தியின் முகத்தை வாசிக்கத் தவறினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தில் செய்ய முடியாத சிகிச்சைகளுக்காக அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களை விமானத்தில் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் அவர்களைப் பற்றிய ஒருநாள் பயிற்சிக்குப் போகவேண்டும். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று அதற்குப் பெயர். நான் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். நானும் பிறரால் ஆளப்பட்ட இனத்தவள்தானே, எனக்கு யார் என்ன புதிதாகச் சொல்லித்தரப் போகிறார்கள் என்ற திமிர்.

அப்படித் தள்ளிப்போட்டிருந்த மாசியில்தான் இவாலு வந்தார். ஐம்பத்தெட்டு வயது இனுவிட் பெண். தொண்டையிலிருந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தோம். மிச்சம் மீதி இருந்தால் அழிக்க ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்பது எங்கள் யோசனை. மொழிபெயர்ப்பாளர் நேரில் வரவில்லை. மேசையில் வைத்த தொலைபேசியில்தான் பேசினார். நான் டேனிஷில் விளக்கினேன், அவர் கிரீன்லாந்து மொழியில் சொன்னார். "சம்மதமா?" என்று முடித்தேன். இவாலு என் முகத்தை நேராகப் பார்த்தார். ஒரு கணம் மூக்கைச் சுருக்கினார். அப்போதுதான் கையில் கிருமிநாசினி பூசியிருந்தேன். அந்த மணம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "பதில் ஒன்றும் கேட்கவில்லையே?" என்றது தொலைபேசி. "பரவாயில்லை, சம்மதம்தான்" என்றேன். 'நோயாளி சம்மதித்தார்' என்று ஜர்னல் எனப்படும் நோயாளிப் பதிவேட்டில் பதிந்தேன். வீடு திரும்புவதற்கு அவருக்குப் போட்டிருந்த பயணச்சீட்டை அன்றே ரத்துச் செய்தார்கள்.

ஏன் அவ்வளவு சுலபமாக அதைச் சொன்னேன்? யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் நான் அப்படித்தான் பழகினேன். அங்கே நான் சொல்லி முடிக்குமுன்பே, "ஓம் டொக்டர், நீங்கள் சொன்னாச் சரி" என்பார்கள். பேசாமல் நிற்பவர்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வேன். என்னுடன் படித்து இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் நண்பர்கள் கோபிக்கக்கூடாது. அந்த மௌனத்தை நாங்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டோம். அதற்குள் எத்தனை மறுப்பு இருந்ததோ, ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பயிற்சிக்குப் போனேன். நடத்தியவர் மாலிக் என்ற கிரீன்லாந்து ஆண் தாதி. என்னைவிட இளையவர். தங்கள் உடம்பைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் தங்களைக் கேட்காமலே மற்றவர்கள் முடிவெடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் நோயாளிகள் என்று தொடங்கினார். பிறகு புருவத்தை உயர்த்திக் காட்டினார். "இது ஆம்." மூக்கைச் சுருக்கினார். "இது இல்லை."

எல்லோரும் சிரித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் செய்து பார்த்தார்கள். நான் மட்டும் செய்து பார்க்கவில்லை. இடைவேளையில் மாலிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை.

"அவர் இப்போது எங்கே?"

"எங்கள் மருத்துவமனை விடுதியில்தான். சிகிச்சை மூன்றாவது வாரம்."

"அப்படியென்றால் இன்றைக்கே போவோம்."

மாலையில் இரண்டு பேரும் இவாலுவின் கட்டிலருகே உட்கார்ந்தோம். அன்றைக்கு நீங்கள் மூக்கைச் சுருக்கியது 'இல்லை' என்பதற்கா என்று மாலிக் மூலம் கேட்டேன். அவருடைய புருவம் உயர்ந்தது. பிறகு கரகரத்த குரலில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். கணவருக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது. கோடைவரை இருப்பாரோ தெரியாது. அயலவர்கள்தான் மீன் அவித்துக் கொடுக்கிறார்களாம்.

"ஏன் திரும்பச் சொல்லவில்லை?" என்றேன். கேட்டிருக்கக்கூடாது.

மாலிக் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். "நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்த பிறகுதான் எழுதினாய். தெரிந்துகொண்டேதான் எழுதுகிறாய் என்று நினைத்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் வாழ்நாளில் வந்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பி வரக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு கேட்டேன்: "நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக விருப்பமா?" இந்த முறை பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு புருவங்களும் உயர்ந்தன.

என் பிழையை என் பெயரிலேயே ஜர்னலில் பதிந்தேன். தலைமை மருத்துவருக்குச் சிகிச்சையை நிறுத்த மனமில்லை. "இது நோயாளியின் முடிவுதானா? உறுதியா?" என்றார். "யா" என்றேன்.

அன்று யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து அப்பா தொலைபேசியில் எடுத்தார். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். "பிள்ளை, இந்த வருசமாவது வாறியோ?" "வாறன் அப்பா, லீவு பார்த்துச் சொல்லுறன்." "ஓம், ஓம். வேலையைப் பார்." வழக்கமாக இத்துடன் நிம்மதியாக வைத்துவிடுவேன். அந்த "ஓம்" சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

இவாலு புறப்படும் காலையில் விமான நிலைய வண்டி வரும்வரை கூட நின்றேன். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் மாலிக்கிடம் ஏதோ சொன்னார்.

"உனக்கும் தூரத்தில் ஒரு வீடு இருக்கிறதா, அங்கே யாராவது காத்திருக்கிறார்களா என்று கேட்கிறார்."

"அப்பா இருக்கிறார்" என்றேன்.

"நீ போவாயா என்கிறார்."

வாயைத் திறந்தேன். "யா"வும் வரவில்லை, "நை"யும் வரவில்லை. பதினொரு வருடமாக அடக்கி வைத்திருந்த தலை தன்பாட்டில் இரண்டு பக்கமும் ஆடியது. இவாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் மாலிக் என் பதிலுக்காகக் காத்து நின்றார்.