இறக்கையின் அடிப்பக்கம்

"என் புருஷன் பக்கத்துல யாரும் தீக்குச்சி உரசாதீங்கப்பா" என்பாள் மனைவி. அவர் மேல் அவ்வளவு மண்ணெண்ணெய் வாடை. ஆய்வகத்தில் அவர் வண்டண்ணன். ஏரிக்கடியில் தோண்டிய சேற்றைச் சலித்து, மண்ணெண்ணெயில் பிசறித் தண்ணீர் ஊற்றினால், பல்லாயிரம் வருஷத்துக்கு முன் செத்த வண்டுகளின் இறக்கை ஓடுகள் மிதந்து வரும். அவற்றை அட்டையில் ஒட்டிக் கொடுப்பார். வண்டின் இனத்தை வைத்து, அன்றைக்கு அங்கே குளிரா வெயிலா என்று பேராசிரியை சொல்வார்.

ஒவ்வொரு சேறும் முடிந்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்க வேண்டும். கம்பியிடுக்கில் சிக்கியது நீலமாகிவிடும். அடுத்த சேற்றில் நீலம் தென்பட்டால் அது முந்தின சேற்றின் மிச்சம், தூக்கிப் போடலாம். கறுத்த மேல்பக்கத்தில் சாயம் தெரியாது. வெளிறிய அடிப்பக்கத்தில்தான் தெரியும். ஒட்டுமுன் அதைப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அந்தப் பிரசித்தமான இறக்கை பசை காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. குளிர்நாட்டு வண்டு. சேற்றின் மேலடுக்கில் அது கிடைத்ததால்தான், விட்டுப்போன குளிர் மறுபடி வந்தது என்று பேராசிரியை எழுதினார். திரும்ப ஒட்டலாமென்று வண்டண்ணன் தூரிகையால் புரட்டினார்.

நீலம்.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். நீலம்தான். மறு சோதனைக்கு அந்த அடுக்கின் சேறு ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. இழுப்பறையை மூடினார். ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எழுந்து பேராசிரியையிடம் போனார்.

"மேடம், அந்த இறக்கை அந்த அடுக்கோடது இல்ல."

"என்னண்ணே, புதுக்கண்ணு வந்ததும் எனக்கே பாடமா?"

"வந்து பாருங்க."

பார்த்தார். இறக்கையை மெதுவாகக் கீழே வைத்தார் பேராசிரியை.

"கண்ணு எப்பலேர்ந்து மங்கல்?"

"தெரியலையே மேடம். எல்லாம் நல்லாத் தெரியுற மாதிரிதான் இருந்துச்சு."

"ஒரு வருஷம்? ரெண்டு?"

"அதான் தெரியலைங்கறேன்."

அறுபது இழுப்பறைகள். இருபத்திரண்டு வருஷம். வண்டண்ணன் கடைசி இழுப்பறையை உருவி, நனைத்த தூரிகையால் பசையை இளக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். நான்காவது நீலம். அப்புறம் வரிசையாக வெளிறல். கொஞ்சம் மூச்சு வந்தது. பதினேழாவது நீலம். பதினெட்டும்.

"போதும்ணே, விடுங்க."

"எது வரைக்கும் நல்ல கண்ணுன்னு தெரியணும்ல மேடம்."

அதற்கு முந்தின இழுப்பறையை உருவினார்.