ஜெயம்மா சொன்ன கெட்ட வார்த்தை

சாலவாக்கத்தை ஒட்டிய இருளர் குடியிருப்பில் இருக்கும் ஜெயம்மா, கட்டின புருஷன் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் மகள் கலாவைப் பார்ப்பாள், கலா சொல்லுவாள். அவர் செத்த பிறகும் அதே வழக்கம்தான். செய்யாத திருட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள், பிணமாகத் திரும்பி வந்தார். நெஞ்சுவலியாம்! அதைக் கேட்க ஜெயம்மா ஏறாத ஆபீஸ் இல்லை. உட்காரு என்று சொல்லக்கூட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

போன வருஷம் ஏரிக்கரையில் சினிமா எடுக்க வந்தார்கள். கும்பலில் நிற்கக் கூலிக்குப் போனாள். தகரக் கொட்டகைக்குப் போலீஸ் ஸ்டேஷன் போர்டு மாட்டியிருந்தார்கள். புருஷனைத் தேடி வருகிறவளாக நடிக்க வேண்டிய பெண் வராமல் போகவே, டைரக்டர் ஜெயம்மாவைப் பிடித்து நிறுத்தினார். "இன்ஸ்பெக்டர்கிட்ட முறையிடுங்கம்மா. உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க, போதும்."

காக்கிச்சட்டை போட்ட நடிகர், "உட்காரும்மா. புருஷன் பேர் என்ன?" என்றார்.

அவளை உட்காரச் சொன்ன முதல் போலீஸ்காரர் அவர்தான். நடிப்பாவது ஒன்றாவது! ஜெயம்மா உட்கார்ந்தாள். ஜன்மத்தில் முதல் தடவையாகப் புருஷன் பெயரைச் சொன்னாள். எந்த ஸ்டேஷன், யார் யார் வந்தது, உடம்பில் எங்கெங்கே காயம் என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். காக்கிச்சட்டைக்காரர் வசனத்தை மறந்து அழுதுவிட்டார். "இது அப்படியே படத்துல வரும்மா" என்றார் டைரக்டர். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்புதான். ஆபீசில் காது கொடுக்காவிட்டால் போகட்டும், ஊர் உலகமாவது அந்தப் பெயரைக் கேட்கட்டும்.

படம் உத்திரமேரூருக்கு வந்ததும் குடியிருப்பே டவுன் பஸ் ஏறிப் பகல் காட்சிக்குப் போனது. ஆரம்பத்திலேயே ஜெயம்மா அரண்டுபோனாள். முத்தம் என்றால் இரண்டு பூவை முட்டவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட சினிமாவா இது? இங்கே எதையும் மறைக்கவில்லை. ஒருவன் கழுத்தை அறுக்கிறான், திரை முழுக்க ரத்தம். சிகரெட் பிடித்தால் ஓரத்தில் புத்திமதி எழுதுகிறவர்கள் அறுப்பவனுக்கு ஒரு வரி எழுதவில்லை.

"இத்தெல்லாம் பார்த்துக்கினு எப்டி வுட்டாங்க?" என்று கலாவின் கையை இறுக்கிக்கொண்டாள்.

அப்புறம் திரை முழுக்க அவள் முகம். குடியிருப்புக்காரர்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பெயரைக் கேட்டார். அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"டேய், சவுண்டு வுடுங்கடா! ஸ்பீக்கர் பூட்ச்சி!" என்று குடியிருப்பு ஆட்கள் எழுந்து கத்தினார்கள். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. நடிகர் அழுவது கேட்டது, வெளியே காக்கை கத்துவதுகூடக் கேட்டது. ஜெயம்மா பேசினது மட்டும்தான் இல்லை.

பின்வரிசை இளவட்டங்கள் விசிலடித்தார்கள். "கெயவி பச்சையா திட்டுது பாரு! மொத்தமா மியூட் பண்ட்டாங்கோ!"

ஜெயம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் வீட்டு டிவியிலும் அசிங்கமாகப் பேசினால்தான் சத்தத்தை அமுக்குவார்கள்.

இடைவேளையில் கலா டைரக்டருக்கு போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. முன்னெல்லாம் சீனையே வெட்டுவாங்க, இப்ப பேச்சை மட்டும் எடுத்துடறாங்க. நிஜப் பேரு, நிஜ ஸ்டேஷன், கேஸ் ஆகும்னு சென்சார்ல சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

"கய்த்த அறுக்கறானே, அத்த இன்னாத்துக்கு வுட்டாங்க?"

"அது கதைதானேம்மா."

ஜெயம்மா போனைக் கலாவிடம் நீட்டினாள். மறுபடி உள்ளே போகவில்லை. டீக்கடையோரம் அந்த இளவட்டங்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் அவளை அடையாளம் கண்டு பல்லை இளித்தான். "எம்மா, அப்டி இன்னாதான் திட்டுன? எங்களுக்கு மட்டும் சொல்லேன்."

கலா செருப்பைக் கழற்றப் போனாள். ஜெயம்மா அவளைத் தடுத்துவிட்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

"மாசின்னு சொன்னேன், நைனா. எம் புருசன் பேரு. அட்ச்சே கொன்னுட்டாங்க."

அவன் நகரப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, எந்த ஸ்டேஷன் என்பதையும் சொன்னாள்.