ஐந்தாவது சென்டிமீட்டர்

கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ராஜகுமாரிக்கு வயது நாற்பத்தாறு. கணவர் உண்டு, மகள் கோவையில் நர்சிங் படிக்கிறாள். இவற்றையெல்லாம் யாரோடும் ஒப்பிட்டு அவர் தூக்கம் கெட்டதில்லை. கெட்டது கால் விஷயத்தில்தான்.

அடிக்கடி புண்ணாகி இடது கால் வீங்கிவிட்டது. ரப்பர் பூட்ஸ் நுழையாத காலைத் தேயிலைக் காட்டில் இறக்க முடியாது என்று ஃபீல்டு ஆபீசர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பங்கஜத்துக்கும் அதே வீக்கம். ஒரே டாக்டர், ஒரே கட்டுத்துணி, மாதம் ஒருமுறை அளக்க ஒரே டேப். முதல் மாதம் பங்கஜத்துக்கு மூன்று சென்டிமீட்டர் குறைந்தது; ராஜகுமாரிக்கு ஒன்று. உலகத்தில் இதைவிடப் பெரிய அநீதிகள் நடந்திருக்கலாம். ஆனால் அவை பக்கத்து வீட்டில் நடக்கவில்லை.

பனியில் நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டி இருபது வருடம் பழகிய கை அவருடையது. அந்தக் கையாலேயே கட்டுத்துணியையும் இறுக்கினார். இரண்டாம் மாதம் கால் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, பங்கஜத்துக்குப் போட்ட ஊசியை எனக்கும் போட்டுருங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க."

"ஊசியே போடலீங்கம்மா," என்றார் டாக்டர் ஜீவிதா. "கால்ல தேங்கி வீங்கறது நிணநீரு. அது ஓடுற குழாய்க்குன்னு தனியா தசை இருக்குது. அது சுருங்கித்தான் நீரை மேல தள்ளும். நீர் ஓடுறப்ப குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை விடும். 'கொஞ்சம் தளரு'ன்னு தசைக்கு அதுதான் சேதி. தளர்ந்தா நீர் நிரம்பும், மறுபடி சுருங்கும். புண்ணு வந்தா அந்த வாயு கண்டபடி கூடி, தசை சோர்ந்துரும். அதனால புண்ணு வராமப் பாத்துக்கிட்டு, அளவாக் கட்டி, நடக்கோணும். நெரிச்சுக் கட்டினா நீர் எப்படிப் போகும்?"

ராஜகுமாரி யோசித்தார். "அந்த வாயு அவளுக்கு மட்டும் அளவா வருதுங்களா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க."

ராஜகுமாரி நம்பவில்லை. அளவாகக் கட்டுவதற்கு மட்டும் சம்மதித்தார். பங்கஜத்தின் ரகசிய மருந்தைக் கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் மாலையிலிருந்து அவரைப் பின்தொடர்ந்தார். பங்கஜம் டீக்கடை வரை நடந்தார். சில நாளில் கோயில் வரை. பிறகு அணை ரோடு. இருபதடி பின்னால், சால்வையால் முகத்தை மூடி, நொண்டியபடி ராஜகுமாரியும் ஒரு மாதம் நடந்தார். மருந்து அகப்படவில்லை. சந்தேகம் மட்டும் வலுத்தது.

அடுத்த அளவில் ராஜகுமாரிக்கு நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பூட்ஸ் நுழைந்தது. வேலை பிழைத்தது. அவரோ பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பங்கஜத்துக்கு ஐந்து.

"எல்லாம் உன்னாலதான் புள்ள," என்றார் பங்கஜம். "காட்டெருமைக்குப் பயந்து டீக்கடையோட திரும்பிருவேன். நீ பின்னால வர்றது தெரிஞ்சப்புறம்தான் தைரியமா அணை ரோடு வரைக்கும் போனேன்."

அந்த ஐந்தாவது சென்டிமீட்டர் நியாயப்படி யாருக்குச் சேர வேண்டியது என்பதில் ராஜகுமாரிக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

"நாளையிலருந்து நான் முன்னால நடக்கறேன்க்கா," என்றார். "நீங்க பின்னால வாங்க."