முளைப்பாரியின் மொட்டைப் பக்கம்

என் கல்யாணம் கம்பு முளைக்கிறதா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் சிரிப்பீர்கள். என் அம்மா வள்ளித்தாய் அப்படித்தான் நம்பினாள். பங்குனிப் பொங்கலுக்குக் காளியம்மனுக்கு அவள் போட்ட முளைப்பாரி இரண்டு வருடமாக அழுகிப்போனது. இரண்டு வருடமும் என்னைப் பெண் பார்த்துப் போனவர்கள் பதில் சொல்லவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட எங்கள் தெருவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பற்றிக்கொண்டு வரும்.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டோரம் எங்கள் வீடு. தீப்பெட்டி ஆபீசிலிருந்து கட்டைகளை வாங்கி வந்து, அந்த மரச்சட்டங்களில் குச்சி அடுக்கிக் கொடுப்பது எங்கள் இருவருக்கும் வேலை. கொல்லையில் ஒன்பது கோழிகள். இரண்டாயிரமாவது வருடக் கோடையில் அவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. முளைகட்டிய தானியம் கொடுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அம்மாவுக்கு அது காளியம்மனே சொன்னதுபோல் பட்டது. முளைக்கவைக்கும் பக்குவத்தைக் கோழிக்குச் செய்தே பழகிவிடலாம் என்பது அவள் திட்டம்.

குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் ஊரில், கம்பைத் தினமும் இரண்டு வேளை அலசினாள். முதல் தடவை சாக்கை இறுக்கிக் கட்டியதில் கம்பு புளித்து நாறியது. அடுத்த தடவை எறும்பு. அதற்கடுத்துப் பூசணம். அப்பா கோபாலசாமி பொறுத்துப் பார்த்தார்.

"நான் குளிச்சு மூணு நாளாச்சு. கோழித் தீனி தெனமும் ரெண்டு நேரம் குளிக்குது," என்றார்.

அலசிய தண்ணீரில் அவரைக் கால் கழுவிக்கொள்ளச் சொன்னாள் அம்மா.

ஆவணியில் பக்குவம் கைவந்தது. சாக்கை இளக்கமாகக் கட்டி, தண்ணீர் தங்காமல் வடியவிட்டு, ஓலைப்பெட்டியில் பரப்பினாள். விரல் நீளத்துக்கு முளை வந்தது. தினமும் காலை ஏழு மணிக்குப் பின்வாசலில் பெட்டியை வைத்து "பா, பா" என்பாள். ஒன்பதும் பறந்து வரும். முட்டையும் வந்தது.

அடுத்த பங்குனியில் விரதமிருந்து இருட்டறையில் அவள் வளர்த்த முளைப்பாரி, முழங்கை உயரத்துக்கு இளமஞ்சளாக நெருங்கி நின்றது. யாரையும் உள்ளே விடவில்லை. "இந்தத் தடவ பாரு, ஏட்டி," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்வலத்தன்று காலை, பூச்சுற்றுவதற்காக முளைப்பாரிச் சட்டியைத் தூக்கி வந்து வெளிச்சத்துக்காகப் பின்வாசலில் வைத்தாள். மணி ஏழு. நூலெடுக்க உள்ளே போனவள் திரும்புவதற்குள் ஒன்பது கோழிகளும் வந்துவிட்டன. பாதிச் சட்டி மொட்டை.

நான் விளக்குமாற்றோடு ஓடினேன். திட்டியது கோழிகளையா அவளையா என்று எனக்கே தெரியவில்லை. "கோழிக்கும் முளை, சாமிக்கும் முளை. ரெண்டையும் ஒரே வாசல்லயா கொண்டாந்து வைப்பே?"

அம்மா சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். "நான் தூக்க மாட்டேன். தெருவே சிரிக்கும்," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வருடமாகக் கேலி பேசிய நானே சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தேன். விரத வீட்டில் இருந்துகொண்டு முந்தாநாள் பக்கத்து வீட்டில் முட்டை தின்றதைச் சொல்லவில்லை. மொட்டைப் பக்கத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, "எம் பின்னாலயே வா," என்றேன்.

மூன்று தெரு நடந்தோம். அம்மா முந்தானையை விரித்து, கையை உயர்த்தி, சட்டியின் பின்பக்கத்தை மறைத்தபடியே வந்தாள். ஓரிடத்திலும் இறக்கவில்லை. கோயில் வாசலில் முத்துமாரியம்மாள் அத்தை பார்த்துவிட்டு, "மக மேல வெயில் படாமக் கொண்டாருதீங்களே, மதினி," என்றாள்.

"ஆமா," என்றாள் அம்மா.

அந்த வருடமும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஊர்வலத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோழிகள் வழக்கம்போல் பின்வாசலில் நின்றன. அம்மா ஓலைப்பெட்டியை இடது கையால் இழுத்து வைத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இதுகளுக்கு இன்னும் முளை கட்டிப் போடுதியா?"

"அதுக என்னட்டி செய்யும். முளையக் கண்டா வாங்கன்னு நாந்தான பழக்குனேன்."

அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இரண்டு நாள் அவளால் குச்சி அடுக்க முடியவில்லை. அவள் கட்டைகளையும் சேர்த்து நானே அடுக்கினேன். திட்டிக்கொண்டேதான் அடுக்கினேன்.