சத்தம் போடாத கார்

என் கார் வீதியில் நின்றால் யாராவது தள்ள வந்துவிடுவார்கள். நான் யாரையும் கூப்பிடுவதில்லை. ரயில் கடவையில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். பின்னால் இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் கை வைத்திருப்பார்கள். மூன்றாமவர் என் கண்ணாடியில் தட்டி, "அண்ணை, நியூட்ரலில விடுங்கோ, ஓரமாத் தள்ளுவம்" என்பார். இது ஹைபிரிட் கார், பெற்றோலிலும் ஓடும் பற்றரியிலும் ஓடும், நின்றால் எஞ்சின் தானே நின்றுவிடும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் ரயில் போய்விடும். எங்கள் பக்கத்தில் வாகனம் என்றால் சத்தம் போட வேண்டும். சத்தம் நின்றால் அது செத்துப்போனது என்றுதான் கணக்கு. நல்ல சனம்தான், ஆனால் இந்த நல்ல சனத்துக்கு விளக்கம் சொல்லியே எனக்குத் தொண்டை போய்விட்டது.

இந்தக் காரை வாங்கியதற்குக் காரணம் என்னுடைய இடது கால். முழங்காலுக்குக் கீழே அது இல்லை, பொய்க்கால் போட்டிருக்கிறேன். இதிலே பெரிய கதை ஒன்றுமில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் கால் இல்லாதவர்களுக்கு ஒதுக்கிய சீற்றுக்கு எங்களுக்குள்ளேயே போட்டி நடக்கும். ஹைபிரிட் காரில் கிளச் இல்லை, கியர் மாற்றத் தேவையில்லை, இடது காலுக்கு வேலையே கிடையாது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தையும் நான் மறக்கவில்லை. ஆகவே பழையதென்றாலும் ஹைபிரிட்தான் என்று முடிவு செய்தேன்.

அதுவரைக்கும் என் வாகனம் மனைவியின் ஸ்கூட்டரின் பின் சீற்று. வட்டக்கச்சியில் எங்கள் வீடு, பூநகரியில் எனக்குக் கந்தோரில் எழுத்து வேலை. காலையில் அவள் என்னைக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவாள். பூநகரி பஸ் வராத நாட்களில், "ஏறுங்கோ, நிண்டு என்ன செய்யிறது" என்று கந்தோர் வாசல்வரை ஓட்டுவாள். அப்படியே திரும்பி வந்து வயலுக்குப் போவாள். மழை பெய்தால் முன்னால் அவள் நனைவாள், நான் அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். வருசக்கணக்காக இப்படிப் போய், அவளுடைய பின்னந்தலையைத் தெரிந்த அளவுக்கு எனக்கு அவள் முகத்தைத் தெரியாமல் போய்விட்டது. ஒருநாளாவது நான் வாகனம் ஓட்ட வேண்டும், அவள் பக்கத்திலே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "விசரே உங்களுக்கு" என்பாள்.

கார் வவுனியாவில் இருந்தது. பார்க்கப் போகும்போது மனைவியும், நிபுணராக அவளுடைய தம்பியும் வந்தார்கள். என் மச்சான் லான்ட்மாஸ்டர் ஓட்டுகிறவன். அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவான். ஆகவே ஊரிலே வாகன வைத்தியன் என்று பெயர்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ பாப்பம்" என்றான்.

"ஸ்டார்ட்டிலதான் நிக்குது தம்பி" என்றார் விற்கிறவர்.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனான். விற்கிறவர் அதற்குள் பின்கதவைத் திறந்து, பின் சீற்றுக்கு அருகே இருந்த ஒரு ஓட்டையை என் மனைவிக்குக் காட்டி என்னவோ சொல்லத் தொடங்கினார். அதன் மூடி உடைந்துவிட்டது என்பதுவரைக்கும் எனக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் தன்பாட்டில் உயிர் பெற்றது. மச்சான் "ஐயோ அம்மா" என்று துள்ளி விழுந்து என் பொய்க்காலை மிதித்தான், நான் அவனைப் பிடித்தேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பூச்சாடியில் போய் விழுந்தோம். அதற்குப் பிறகு அந்த ஓட்டையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. எல்லோரும் பூச்சாடியைப் பற்றித்தான் கதைத்தோம்.

காரை எடுக்கப் போன அன்று, மச்சானுக்கு அடுத்ததாக என்னைக் கவிழ்க்கிற முறை மனைவிக்கு வந்தது. நான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கடந்து போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ஏன் பின்னுக்கு? முன்னுக்கு வாரும்" என்றேன்.

"கார் எண்டால் பின்னுக்குத்தானே ஏறுறது. நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

எங்கள் சனம் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக் கார் பிடித்துத்தான் பழக்கம். அதனாலே சொல்கிறாள் என்று நினைத்தேன். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினோம். அந்த வழியால் போகிற வாகனம் எதுவும் அங்கே நிற்காமல் போகாது. தேங்காயை உடைத்துவிட்டு வந்து காரில் ஏறுகிறேன், வறுத்த கச்சான் கடலை விற்கிற அம்மா என்னிடம், "தம்பி, கிளிநொச்சிக்கு ஹயர் போவீரோ? உந்த அம்மாவை இறக்கிப்போட்டு வந்தாலும் சரி" என்று கேட்டார். உந்த அம்மா என்றது என் மனைவியை. அவள் பின் சீற்றில் இருந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் கச்சான்கூட வாங்கவில்லை.

அன்றிலிருந்து நான் என் சொந்தக் காருக்குச் சாரதியானேன். அவள் பின்னால் இருப்பாள், நான் கண்ணாடியில் அவளுடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். முன்பு பின்னந்தலை, இப்பொழுது நெற்றி. முன்னேற்றம்தான்.

காரை வைத்துப் பராமரிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சத்தமில்லாமல் வருவதால் வாய்க்கால் வீதியில் படுத்திருக்கிற மாடுகள் எழும்புவதில்லை. கோர்ன் அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடும். தலையை வெளியே நீட்டி நான் "ஹேய், ஹேய்" என்று கத்த வேண்டும். கிறவல் ரோட்டுப் புழுதியைக் காலையும் மாலையும் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலையிடி எலி. கார் நிற்கிற கொட்டிலில்தான் நெல் மூட்டையும் இருந்தது, நல்ல விலை வரட்டும் என்று அடுக்கி வைத்திருந்தோம். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், ஓட்டை இருக்கிற இடத்தால் எலி வரும். ஆகவே எங்கள் வீட்டில் ஓட்டை ஒன்றைக் கண்டால் அதை அடைத்துவிட்டுத்தான் மனைவி அடுத்த வேலை பார்ப்பாள். குசினிச் சுவரிலும் கூரை மூலையிலும் தேங்காய்ப் பொச்சும் பழைய துணியும் இறுகிப்போய் இருக்கும். காரிலே கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற குழாயை எலி கடித்த அன்று, "இதுக்குள்ளயும் வரத் தொடங்கீட்டினம்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறிய மாதத்தில் கார் பின்பக்கத்தால் இரையத் தொடங்கியது. மின்விசிறி ஒன்று உள்ளே கிடந்து மாரடிப்பது போலிருந்தது. பிறகு ஒருநாள் பூநகரி வீதியில், சனமும் இல்லை நிழலும் இல்லை என்கிற இடத்தில், முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் நின்றது. இந்த முறை உண்மையாகவே நின்றது. தள்ள ஒரு குஞ்சு குருமானும் வரவில்லை.

ஆறவிட்டு ஆறவிட்டுக் கிளிநொச்சிக் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கராஜ்காரர் ஒரு சின்னக் கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு, சாவீட்டுக் குரலில், "ஹைபிரிட் பற்றரி சூடேறுது அண்ணை. பற்றரி முடிஞ்சுது. மாத்தத்தான் வேணும்" என்றார். விலையையும் சொன்னார். நான் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அது முழுக் காருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லை, பற்றரிக்கு மட்டும்."

"அப்ப காரை வித்தவரிட்டயே திருப்பிக் குடுங்கோ" என்று வைத்துவிட்டாள்.

வவுனியாக்காரர் நல்ல மனுசன். குறைத்துத்தான் என்றாலும் திருப்பி எடுக்கிறேன் என்றார். சனிக்கிழமை கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் ஸ்கூட்டரின் பின் சீற்று, மறுபடியும் பின்னந்தலை. அந்த இரண்டு மூன்று நாளும் நான் வீட்டில் யாரோடும் நல்ல வார்த்தை கதைக்கவில்லை. சோற்றில் கல் இருக்கிறது என்று சண்டை பிடித்தேன். கல் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை வந்தது. அதை எப்படி வெளியே விடுவது என்று தெரியாமல் கோபமாக விட்டேன்.

சனிக்கிழமை காலை காரைக் கழுவினேன். வட்டக்கச்சியான் காரைக் குப்பையாகத் திருப்பித் தந்தான் என்று ஒருவர் சொல்லக்கூடாது அல்லவா. பின் சீற்றைத் துடைக்கும்போது அந்த மூடியில்லாத ஓட்டைக்குள் ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிந்தது. செத்த எலி என்று நினைத்து ஒரு குச்சியால் இழுத்தேன். நீளமாக வந்தது. என்னுடைய காலுறை. பொய்க்காலுக்குள் போடுகிற தடித்த காலுறை, போன வருசம் காணாமல்போனது. அதன் பின்னால் அதன் சோடியும் வந்தது. பொய்க்கால்காரனுக்கு ஒற்றைதான் தேவை என்றாலும், எனக்கு எப்பொழுதும் மாற்றுக்கு ஒன்று இருக்கும்.

"இஞ்ச வாரும்" என்று கூப்பிட்டேன். வந்தாள். காலுறையைத் தூக்கிப் பிடித்தேன்.

"அது நான்தான் அடைச்சனான். எலி வரும் எண்டு" என்றாள். கொஞ்சமும் கூச்சமில்லை.

"என்ர மேசாலயோ?"

"பொச்சு வைச்சால் சீற்றில கொட்டும். மேசு எண்டால் இறுக்கமா நிக்கும். உங்களுக்கும் அது தேஞ்சுதானே போச்சு."

கராஜ்காரருக்கு அழைத்துக் கேட்டேன். "ஓம் ஓம், பற்றரிக்குக் காத்துப் போற வழி அதுதான். அதை அடைச்சால் சூடேறும்தானே. நான் அப்பவே நினைச்சனான்" என்றார். அப்பவே நினைத்தவர் ஏன் எனக்குப் புதுப் பற்றரி விலை சொன்னார் என்று கேட்கத்தான் வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். "ஒருக்கா வெயிலுக்குள்ள நல்லா ஓடிப் பாருங்கோ. விளக்கு எரியாட்டில் பற்றரிக்கு ஒண்டுமில்லை" என்றார்.

"வாரும், நீர்தானே அடைச்சனீர். நீரும் வந்து பாரும்" என்றேன் மனைவியிடம்.

அவள் பின்கதவைத் திறந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். அது வாயைத் திறந்துகொண்டு இருட்டாக இருந்தது.

"இதுக்கால எலி வந்தால்?"

"வரலாம். அடைக்க மட்டும் கூடாது."

பாம்பைக் கையால் தூக்கி எறிகிற மனுசி, எலிக்கு மட்டும் இரண்டு முழம் துள்ளுவாள். பின்கதவைச் சாத்தினாள், சுற்றிக்கொண்டு வந்தாள், முன்னால் ஏறி என் பக்கத்தில் இருந்தாள். நான் உடனே காரை எடுத்தேன். ஏதாவது சொன்னால் இறங்கிவிடுவாள் என்று பயம்.

நடு மத்தியானம், பூநகரி வீதி. விளக்கு எரிந்த அதே இடம் வந்தது, போனது. விளக்கு எரியவில்லை. ஒரு மாடு குறுக்கே வந்தபொழுது நான் பிரேக்கை அழுத்தினேன். பக்கத்தில் பார்த்தால் அவளுடைய வலது கை வெறுங்காற்றில் இல்லாத ஸ்கூட்டர் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இதாலதான் பின்னுக்கு இருந்தனான்" என்றாள். "முன்னுக்கு இருந்தால் கை தானாப் பிரேக்கைத் தேடும். பின்னுக்கு எண்டால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம்."

"முன்னுக்கு இருந்தும் மூடலாம்தானே. ஆர் வேண்டாமெண்டது?"

"நான் பயத்தில மூடுறன் எண்டு உங்களுக்குக் கோவம் வரும்."

"வராது" என்றேன். எனக்குக் கோபம் வராது என்று நான் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

கடல் தெரிகிற இடம்வரை போய்த் திரும்பினோம். பரந்தனைத் தாண்டி வரும்போது அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல்கள் விரிந்து மடியில் விழுந்தன, வாய் கொஞ்சம் திறந்தது. பயமில்லை, நித்திரை. இத்தனை வருசமும் என்னைச் சுமந்துகொண்டு ஓடியவள் வாகனத்தில் நித்திரை கொள்வதை நான் கண்டதேயில்லை. உதட்டுக்குக் கீழே நாடியில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, அது எப்பொழுது வந்ததென்று எனக்குத் தெரியாது. மாடுகளுக்குக்கூடக் கோர்ன் அடிக்காமல் மெல்ல உருட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தேன். நிறுத்தியதும் எஞ்சின் தானே அடங்கியது. அவள் எழும்பவில்லை. அந்த அமைதியைப் பார்த்துவிட்டு மச்சான் வயல்பக்கம் இருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள ஓடிவந்தான். நான் உள்ளே இருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான், அக்காவைக் கண்டான், சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

வவுனியாவுக்கு நாங்கள் போகவில்லை. ஓட்டைக்குப் பூட்டவென்று கம்பி வலை வாங்கினேன். காற்றுப் போகும், எலி வராது. வாங்கிக் கனநாள், இன்னும் பூட்டவில்லை. கேட்டால், ஆணி சரியில்லை என்று சொல்லுவேன். போன கிழமை கந்தோருக்குப் போகும் வழியில் அவளை வங்கியில் இறக்க வேண்டியிருந்தது. காரில் ஏறி டாஷ்போர்ட் லாச்சியில் எதையோ தேடியவளின் கையில் வலை அகப்பட்டது. விரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் அதை மடித்துத் திரும்ப உள்ளே வைத்து, லாச்சியை மூடினாள்.

"பெல்ற் போட்டிட்டன். எடுங்கோ" என்றாள்.